நிமிர்ந்து பாருங்கள்: குவெட்லின்பூர்க்கின் மரச்சட்ட வீடுகளைப் படிக்க ஒரு வழிகாட்டி

ஜெர்மனியின் மக்டெபூர்க் நகரிலிருந்து தாலே போகும் ரயில் வழியில் ஹால்பெர்ஷ்டாட்டில் நிற்கும். ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் ஒருகாலத்தில் மரச்சட்ட வீடுகளுக்கு, அதாவது மரத்தூண்களும் சட்டங்களும் வெளியே தெரிய, இடைவெளிகளை மட்டும் மண்ணாலோ செங்கல்லாலோ அடைத்த வீடுகளுக்குப் பேர்போன ஊர் அது. 1945 ஏப்ரல் 8 அன்று விழுந்த குண்டுகளில் அதன் பழைய நகரத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. அங்கிருந்து சற்று நேரத்தில் வருகிறது குவெட்லின்பூர்க். போரில் பெரிய சேதமில்லாமல் தப்பிய ஊர். இன்றும் இங்கே 2,000க்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள். மலைமேல் உள்ள தேவாலயத்தையும் கோட்டையையும் பழைய நகரத்தையும் சேர்த்து 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு ஊரிலும் ஒரே நாளில் இறங்கி நடந்தால், இங்கே ஒவ்வொரு வீடும் நிற்பது எவ்வளவு பெரிய பேறு என்று தெரியும்.

ஜெர்மனியில் குடியிருக்கும் தமிழர்களும் சுற்றிப் பார்க்க வருபவர்களும் இந்த மாதிரி ஊர்களில் சந்தைச் சதுக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டு ரயிலேறிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மனவருத்தம் தரும் விஷயம். இந்த வீடுகள் வெறும் அழகுக்கு நிற்கவில்லை. எந்தக் காலத்தில் கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள், பிறகு யார் எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் முகப்பிலேயே கிடக்கிறது. மரத்தை மறைக்காமல் கட்டியதால் ஒளிக்க வழியில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். ஜெர்மன் மொழிகூட அதிகம் தேவையில்லை.

கிளம்பும் முன்

ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். மெல்லிய குதிகால் உள்ள செருப்பு வேண்டாம். தெருவெல்லாம் கருங்கல் பதித்தது. கையில் ஒரு சின்ன குறிப்பேடு, பென்சில், இருந்தால் ஒரு பைனாகுலர். பைனாகுலர் எதற்கு என்று கேட்பீர்கள். நீங்கள் பார்க்கப்போகும் முக்கியமான விஷயங்கள் தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தால் உளியின் தடம் தெரியாது.

நேரமும் முக்கியம். உச்சிவெயில் செதுக்கு வேலையைத் தட்டையாக்கிவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் சுவரை உரசியபடி சாய்வாக விழும்போதுதான் தேய்ந்துபோன எழுத்தும் எழுந்து நிற்கும். ஆகவே காலையில் எந்தத் தெருப்பக்கம் வெயில் படுகிறது, மாலையில் எந்தப் பக்கம் என்று பார்த்து உங்கள் நடையை அமைத்துக்கொள்ளுங்கள். இதைப் போன்ற சிறு ஏற்பாடுதான் ஒரு நாளின் பலனைத் தீர்மானிக்கும்.

முதல் படி: எலும்புக்கூட்டைக் கண்டுபிடியுங்கள்

சந்தைச் சதுக்கத்தில் தொடங்காதீர்கள். நேராக வோர்ட்காஸ்ஸெ 3ஆம் எண் வீட்டுக்குப் போங்கள். இப்போது அது மரச்சட்ட வீட்டுக்கலை அருங்காட்சியகம். மரத்தின் ஆண்டு வளையங்களைக் கொண்டு அதன் காலத்தை 1346-47 என்று கணித்திருக்கிறார்கள். 1965 வரை அந்த வீட்டில் குடித்தனம் இருந்தது. அறுநூறு ஆண்டுகள் அடுப்பெரிந்த வீடு!

அதன் முன்னால் நின்று தூண்களைப் பாருங்கள். அடியிலிருந்து இறவாரம் வரை ஒரே மரம் ஓடுகிறது. மாடிகளின் விட்டங்கள் அந்தத் தூணின் நடுவில் செருகப்பட்டிருக்கின்றன. சில விட்டங்களின் நுனி தூணைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதை ஜெர்மானியர் ஷ்டென்டர்பாவ் என்கிறார்கள், நெடுந்தூண் கட்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இந்த முறைக்கு வீட்டு உயரத்துக்கு நீளமான, நேரான மரம் வேண்டும். அப்படிப்பட்ட மரங்கள் அருகின. இடிந்தால் ஒரு தூணை மட்டும் மாற்றுவதும் சிரமம்.

பிறகு வந்தது அடுக்குக் கட்டு. ஒவ்வொரு மாடியையும் தனித்தனிப் பெட்டி போலச் செய்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள். நீங்கள் அந்த நாளில் பார்க்கப்போகும் வீடுகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். ஆகவே எந்த வீட்டின் முன் நின்றாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: தூண் ஒரே ஓட்டமா, மாடிக்கு மாடி துண்டா?

இந்த இடத்தில் நாலைந்து சொற்களைக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். மாடியின் அடியில் படுத்திருக்கும் நீளமான மரம் அடிச்சட்டம், ஜெர்மனில் ஷ்வெல்லெ. அதன்மேல் நிற்பது தூண். தூண்களின் தலையைச் சேர்த்துப் பிடிப்பது தலைச்சட்டம், ரேம். தூண்களுக்கு நடுவே படுத்திருப்பவை குறுக்குச்சட்டங்கள். ஜன்னலின் மேலும் கீழும் ஓடுபவை பெரும்பாலும் அவைதான். சாய்ந்து நிற்பவை முட்டுச்சட்டங்கள். காற்றில் வீடு ஒருபக்கம் சாயாமல் இருப்பது இவற்றால்தான். மரங்களுக்கு இடைப்பட்ட கட்டத்துக்கு கெஃபாக் என்று பெயர். இந்தக் கட்டங்களின் பெயரிலிருந்துதான், மரச்சட்டக் கட்டுமானத்தைக் குறிக்கும் ஃபாக்வெர்க் என்ற ஜெர்மன் சொல்லே வந்தது.

ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒரு முகப்பை வெறும் கோடுகளாக வரைந்துபாருங்கள். ஓவியத் திறமை வேண்டியதில்லை. வரையும்போதுதான் முட்டுச்சட்டம் ஒன்று குறைகிறதே, இந்த ஜன்னல் தூணை வெட்டிக்கொண்டு நிற்கிறதே என்று கண்ணுக்குப் படும்.

இரண்டாம் படி: மாடி எவ்வளவு துருத்துகிறது?

தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய் வீட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். முதல் மாடி தரைத்தளத்தைவிட முன்னே வந்திருக்கும். இரண்டாவது அதைவிட முன்னே. துருத்திய விட்டங்களின் நுனிகள் வரிசையாகத் தெரியும். அவற்றைத் தாங்க தூணிலிருந்து சாய்வாக ஒரு கட்டை முட்டுக்கொடுக்கும். அந்தத் தாங்குகட்டையின் பெயர் க்னாகெ.

ஏன் இப்படிக் கட்டினார்கள்? தரையின் அளவுக்கு வரி போட்டதால் மேலே விரித்துக்கொண்டார்கள் என்று வழிகாட்டிகள் பல ஊர்களில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் காரணங்களே போதும் என்பது என் எண்ணம். மழை பெய்யும்போது போய் நில்லுங்கள். மேல்மாடியிலிருந்து வடியும் நீர் கீழ்ச்சுவரில் படாமல் தெருவில் விழுகிறது. மரவீட்டின் முதல் எதிரி ஈரம். மாடிக்கு மாடி ஒரு கைப்பிடி அகல இடம் கூடுவதும் குறுகிய மனையில் வாழ்பவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

துருத்தலின் அளவு காலத்தையும் காட்டும். 15, 16ஆம் நூற்றாண்டு வீடுகளில் அது அதிகம். தாங்குகட்டைகளும் நீளமாக, கனமாக இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் குறையத் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய மறைந்து, முகப்பு நேர்சுவராகிவிடுகிறது. இதை மட்டும் வைத்தே ஒரு தெருவில் எது மூத்த வீடு என்று அனுமானிக்கலாம்; அடுத்த படியில் அதைச் சரிபார்க்கலாம்.

மூன்றாம் படி: செதுக்கு வேலையை நாட்காட்டியாகப் படியுங்கள்

எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பார்க்க வேண்டிய இடம் ஒரே ஒரு பட்டை: முதல் மாடியின் அடிச்சட்டமும், அதற்குக் கீழே உள்ள விட்ட நுனிகளும், அவற்றைத் தாங்கும் கட்டைகளும். வீட்டுக்காரர் செலவு செய்ய நினைத்தால் இந்த ஒரு முழ உயரத்தில்தான் செய்தார். தச்சரும் தன் கைவரிசையை இங்கேதான் காட்டினார்.

மிகப் பழைய வீடுகளில் அடிச்சட்டத்தில் படிக்கட்டு போல வெட்டிய வரிசை இருக்கும். ஏறி இறங்கும் சதுரப் பல்வரிசை. ஒவ்வொரு விட்டத்துக்கும் நடுவில் அது தொங்குவது போலத் தெரியும். 1500ஐ ஒட்டிய பத்தாண்டுகளின் அடையாளம் அது.

16ஆம் நூற்றாண்டு நடுவில் விசிறிகள் வருகின்றன. தூணின் அடியிலும் அதன் இருபக்க முக்கோண முட்டுகளிலும் சேர்த்து, அரைவட்டமாக விரியும் கதிர்கள். உதயசூரியன் போலவும் சங்கின் வாய் போலவும் இருக்கும். ஷ்டீக் 28ஆம் எண்ணில் ‘ஆல்டர் க்ளொப்ஷ்டாக்’ என்ற வீடு இருக்கிறது, 1580இல் கட்டியது. அங்கே இந்த விசிறி வரிசையை நின்று பாருங்கள். அழகோடு ஒரு புத்திசாலித்தனமும் இருக்கிறது: மூன்று தனித்தனி மரத்துண்டுகளின் மேல் ஒரே வடிவத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். மூட்டு எங்கே என்று தேடினால் கதிர்களின் நடுவே ஒரு மெல்லிய கோடாகத் தெரியும்.

அதே காலத்தில் இன்னொரு வேலைப்பாடு. அடிச்சட்டத்தின் கீழ்விளிம்பை, இரண்டு விட்டங்களுக்கு நடுவே படகின் வயிறு போலக் குடைந்து எடுப்பார்கள். ஷிஃப்ஸ்கேலெ என்று பெயர், கப்பல் குடைவு. முனை இரண்டும் கூர்ந்து, நடு அகன்று, உள்ளே கயிறு முறுக்கு போன்ற உருளை ஓடும். விசிறியும் படகும் ஒரே முகப்பில் இருந்தால் 16ஆம் நூற்றாண்டின் பின்பாதி என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

17ஆம் நூற்றாண்டில் ஊரின் ரசனை மாறுகிறது. இந்தக் காலத்து வேலைப்பாடுதான் குவெட்லின்பூர்க்குக்கே சொந்தம் என்று சொல்லத்தக்கது. விட்டத்தின் நுனியை நாலுபக்கமும் சரித்து வெட்டி, நடுவில் கூராக்கி, பட்டைதீட்டிய வைரம் போல, தாழ்ந்த பிரமிடு போலச் செய்தார்கள். பக்கத்து ஊர்களில் விட்ட நுனியை உருட்டியும் குமிழாகவும் செதுக்கியபோது, இங்கே தெருத்தெருவாக இந்தப் பிரமிடு நுனிகள். காலை வெயிலில் ஒவ்வொரு நுனியிலும் ஒரு பக்கம் ஒளி, ஒரு பக்கம் நிழல். ஒருமுறை கண்ணுக்குப் பழகினால், தெருமுனையிலிருந்தே இது அந்த நூற்றாண்டு வீடு என்று சொல்லிவிடுவீர்கள். ஜன்னலுக்குக் கீழே குறுக்காகப் போட்ட பெருக்கல்குறிச் சட்டங்களும் அதிகமாகத் தென்படும்.

நடுநடுவே ஐந்து முனை நட்சத்திரமும் ஆறு முனை நட்சத்திரமும் செதுக்கியிருப்பார்கள். ஐந்து முனை நட்சத்திரம் கெட்டதை வாசலில் நிறுத்தும் என்பது ஜெர்மன் கிராமப்புறத்தின் பழைய நம்பிக்கை.

18ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் செதுக்கு வேலை வடிந்துவிடுகிறது. விட்ட நுனிகளை ஒரு அலங்காரப் பலகையால் மூடிவிட்டார்கள். கல்வீடு மாதிரித் தெரிய வேண்டும் என்று பல வீடுகளின் மேல் காரையும் பூசினார்கள். ஆகவே பூச்சுக்குள் ஒளிந்திருக்கும் மரவீடுகளும் உண்டு. எப்படிக் கண்டுபிடிப்பது? பூசிய முகப்பு மாடிக்கு மாடி சற்றே முன்னே வருகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். கல்சுவர் அப்படித் துருத்தாது.

நான்காம் படி: எழுத்தைப் படியுங்கள்

அடிச்சட்டத்தில் எழுத்து ஓடினால் அங்கேயே நின்றுவிடுங்கள். பெரும்பாலும் மூன்று விஷயங்கள் இருக்கும்: ஆண்டு, கட்டியவர் பெயர் அல்லது பெயரின் முதலெழுத்துகள், ஒரு வாசகம். கணவன், மனைவி இருவரின் பெயரும் சேர்ந்து வருவது உண்டு. தச்சரின் பெயரும் சில இடங்களில் இருக்கும்.

‘அன்னோ’ என்ற சொல்லைத் தேடினால் அதையடுத்து ஆண்டு வரும். ஒரு எச்சரிக்கை: 15ஆம் நூற்றாண்டில் எழுதிய நான்கு இன்றைய நான்கைப் போல இருக்காது, பாதி எட்டைப் போல, அடிப்பக்கம் திறந்த சுருக்காக இருக்கும். ரோமன் எண்களில் எழுதிய ஆண்டும் உண்டு.

வாசகங்களில் பல லூத்தரன் சமயச் சீர்திருத்தத்தின் குரல். வி, டி, எம், ஐ, ஏ என்ற லத்தீன் எழுத்துகள் மட்டும் தனியாகச் செதுக்கியிருந்தால், ‘ஆண்டவரின் வார்த்தை என்றென்றும் நிற்கும்’ என்ற வேதவாக்கியத்தின் சுருக்கம் அது. ‘கடவுளை நம்பியவன் நன்றாகக் கட்டினான்’ என்ற வாசகம் ஜெர்மனி முழுவதும் வீடுகளில் கிடைக்கும். மூல மொழியில் எதுகையோடு ஒலிக்கும். வீடு கட்டிக் கடனில் நின்றவர்கள், தீக்குப் பயந்தவர்கள், கொள்ளைநோய் பார்த்தவர்கள் தங்கள் தலைவாசலுக்கு மேல் எழுதிவைத்த வரிகள் இவை. நான் படிக்கும்போதெல்லாம் மெல்ல வாய்விட்டுத்தான் படிப்பேன்.

ஆண்டைப் பார்த்ததும் அதை வீட்டின் வயது என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய அடித்தளத்தின்மேல் புதிய மாடி ஏற்றியபோது எழுதிய ஆண்டாகவும் இருக்கலாம். எழுத்து இருக்கும் மரம் மற்ற மரங்களோடு ஒரே வகையில் வெட்டப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: தழும்புகளைத் தேடுங்கள்

ஒரு தூணின் முகத்தில், எதுவும் செருகப்படாத ஒரு சாய்வான பள்ளம் கண்ணில் பட்டால் மகிழுங்கள். முன்பு அங்கே ஒரு முட்டுச்சட்டம் இருந்தது. பழைய தச்சர்கள் ஒரு மரத்தின் முகத்தைப் பாதி ஆழம் வெட்டி, இன்னொன்றை அதற்குள் படுக்கவைத்து மர ஆணி அடித்தார்கள். அந்த மூட்டு வெளியே தெரியும். பிற்காலத்தவர் துளையும் கழுந்துமாகச் செய்தார்கள். அது மரத்துக்குள் மறைந்துவிடும், வெளியே தெரிவது மர ஆணியின் தலை மட்டும். ஆகவே முகத்தில் தெரியும் மூட்டு என்றால் வயது அதிகம். ஆணி மட்டும் தெரிந்தால் வயது குறைவு.

மூட்டுகளுக்குப் பக்கத்தில் கோடுகோடாகக் கீறல்கள் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலையும் நாலு கோடாகவே போட்டிருப்பார்கள். சிலவற்றில் ஒரு சின்னக் கொடி போல வால் சேர்ந்திருக்கும். வீட்டை முதலில் தச்சரின் திடலில் தரையில் படுக்கப்போட்டு முழுசாகப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு கழற்றி, வண்டியில் ஏற்றி, மனையில் நிறுத்துவார்கள். எந்த மரம் எதோடு சேரும் என்பதற்குப் போட்ட குறிகள்தான் அவை. எண்கள் வரிசையாக இருந்தால் அந்தச் சுவர் கட்டிய நாளில் இருந்தபடியே நிற்கிறது. நடுவில் ஒரு எண் காணாமல் போனாலும், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே இருபது வந்தாலும் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

பச்சை மரத்தைத்தான் பயன்படுத்தினார்கள், காயவைத்த மரத்தை அல்ல. காயக் காயத்தான் வீடு முறுகிக் கோணியது. கோணல் என்பது பெரும்பாலும் வீடு கட்டிய சில ஆண்டுகளிலேயே வந்தது. அதற்குப் பிறகு நூற்றாண்டுகளாக அதே கோணலில் நிற்கிறது.

ஆறாம் படி: கட்டங்களுக்குள் என்ன இருக்கிறது?

மரங்களுக்கு நடுவே ஆரம்பத்தில் இருந்தது மண்சுவர். கட்டத்தின் மேலும் கீழும் குச்சிகளைச் செருகி, அவற்றினூடே மிலாறுகளைப் பின்னி வரிச்சுக் கட்டி, வைக்கோல் கலந்த களிமண்ணை இருபக்கமும் அப்பினார்கள். மேலே சுண்ணாம்பு. பழுதுபார்க்கும் வீடு ஏதாவது கிடைத்தால் எட்டிப் பாருங்கள், வரிச்சு தெரியும். அருங்காட்சியகத்திலும் காட்டுகிறார்கள். பிற்காலத்தில் செங்கல் வந்தது.

களிமண் ஈரத்தை வாங்கிக்கொண்டு மறுபடி வெளியே விடும். மரத்தோடு சேர்ந்து நெளியும். சிமெண்ட் அப்படி இல்லை. 20ஆம் நூற்றாண்டில் பல வீடுகளில் கட்டங்களைச் சிமெண்டால் பூசினார்கள். மரத்துக்கும் சிமெண்டுக்கும் இடையே விரிசல் விழுந்து, உள்ளே புகுந்த மழைநீர் வெளியேற வழியில்லாமல் ஓக் மரத்தையே மக்கவைத்தது. சுவர் மட்டம் மரத்தைவிட முன்னே பிதுங்கி, சாம்பல் நிறத்தில், வழவழப்பாக இருந்தால் அதன் பக்கத்து மரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கறுத்துப் பஞ்சு போலாகியிருக்கும். இப்போது திறமையான தச்சர்கள் அழுகிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் புதுத் துண்டை ஒட்டவைக்கிறார்கள். வெளிர்நிறத் துண்டு பழைய தூணில் கால் போலச் சேர்ந்திருப்பதைக் காணலாம். அதை மறைக்காமல் விட்டிருப்பது நேர்மையான வேலை.

நிறத்தைப் பற்றி ஒரு வரி. கறுப்பு மரம், வெள்ளைச் சுவர் என்ற சேர்க்கைதான் பழையது என்று எண்ண வேண்டாம். செம்மண் சிவப்பு, காவி மஞ்சள், சாம்பல் எல்லாம் இருந்தன. மரத்தின் அகலம் கூடித் தெரிய வேண்டும் என்று சுவர்மேலும் சற்று நீட்டி வண்ணம் பூசுவார்கள்.

ஏழாம் படி: இப்போது கீழே பாருங்கள்

தரைத்தளம்தான் அதிகம் மாறியது. கடை வந்தது, பெரிய கண்ணாடி வந்தது. ஆகவே அதைக் கடைசியில் வைக்கிறேன். வண்டி போகும் அகலமான வாசல் இருந்தால் பின்னால் முற்றமும் தொழுவமும் இருந்தன. இங்கே பெரும்பாலான வீடுகள் கூரையின் நீளப்பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி நிற்கும்; முக்கோணப் பக்கத்தைக் காட்டும் வீடு அபூர்வம். கூரையில் கப்பி மாட்டிய உத்தரம் நீட்டிக்கொண்டிருந்தால் தானியமும் வைக்கோலும் மேலே ஏற்றிய பரண் அங்கே இருந்தது என்று பொருள்.

சந்தைக்குப் பின்னால் ஷூஹோஃப் என்ற சின்னச் சந்து-முற்றம் இருக்கிறது. செருப்புத் தைப்பவர்களின் இடம். தரைத்தளத்தில் மேலும் கீழுமாகத் திறக்கும் பலகைக் கதவுகள்: கீழ்ப்பலகையை மடக்கினால் கடைமேசை, மேல்பலகையைத் தூக்கினால் வெயில் மறைப்பு. உள்ளேயே பட்டறை, மேலே குடித்தனம். இந்த ஊரில் நான் அதிக நேரம் நின்ற இடம் அது.

ஜன்னலில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: சட்டம் சுவரோடு ஒட்டி வெளிமட்டத்தில் இருக்கிறதா, உள்ளே ஒரு சாண் தள்ளி இருக்கிறதா? பழைய ஜன்னல் வெளிமட்டத்தில், சின்னச் சின்னக் கண்ணாடிகளோடு, தெருப்பக்கம் திறக்கும். பிளாஸ்டிக் சட்டம் போட்ட ஒற்றைக் கண்ணாடி வந்ததும் முகம் முழுவதும் குருடாகிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இரண்டும் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

எட்டாம் படி: இல்லாததையும் பாருங்கள்

கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கப் பணமும் பொருளும் இல்லை. வீடுகள் ஒழுகின, காலியாகின. அதே காலத்தில் போலந்தின் தோருன் நகரிலிருந்து வந்த மறுசீரமைப்பு வல்லுநர்கள் இங்கே பல வீடுகளை மீட்டதையும் சொல்ல வேண்டும். 1980களில் ஷ்மாலெ ஷ்ட்ராசெ, நோயெர் வெக் பக்கம் பழைய வீடுகளை இடித்து, ஊரின் கூரைச்சாய்வுக்கு ஒத்துப்போகும்படி கான்கிரீட் குடியிருப்புகள் கட்டினார்கள். அந்தக் கட்டுமுறைக்கே ‘குவெட்லின்பூர்க் வகை’ என்று பெயர் இருந்தது. 1989 இலையுதிர்காலத்தில் அரசு கவிழ்ந்ததும் இடிப்பு நின்றது.

அந்தத் தெருக்களுக்கும் போங்கள். பலர் தவிர்த்துவிடுகிறார்கள். உயரமும் சாய்வும் ஜன்னல் வரிசையும் பழைய வீடுகளை ஒட்டித்தான் இருக்கின்றன; ஆனால் நிழல் இல்லை. துருத்தல் இல்லாத, செதுக்கல் இல்லாத சுவரில் வெயில் வழுக்கிக்கொண்டு போகிறது. மரவீட்டின் முகம் எதனால் ஆனது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

நேரம் மிஞ்சினால் ம்யுன்ட்சென்பெர்க் குன்றேறுங்கள். அங்கே 10ஆம் நூற்றாண்டில் நிறுவிய கன்னிமடம் இருந்தது. மடம் கைவிடப்பட்ட பிறகு, ஊருக்குள் மனை வாங்க வழியில்லாத இசைக்கலைஞர்களும் பாத்திரம் பழுதுபார்ப்பவர்களும் இடிபாடுகளுக்குள்ளேயே குட்டிக் குட்டி வீடுகள் கட்டிக்கொண்டார்கள். விசிறியும் வைரமும் இல்லாத வீடுகள். மெல்லிய மரம், தாழ்ந்த வாசல். பணக்கார வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நடந்துகொள்ளும் முறை

பொதுத் தெருவில் நின்று முகப்பைப் படம் எடுக்க ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது. ஜன்னலுக்குள் கேமராவைத் திருப்புவது வேறு விஷயம், செய்யாதீர்கள். திறந்திருக்கும் முற்றத்துக்குள் நுழையும் முன் ஆள் இருந்தால் கேளுங்கள். நான் ஒருமுறை ஒரு அடிச்சட்டத்தைக் கால்மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மேல் ஜன்னலில் ஒரு மூதாட்டி எட்டிப்பார்த்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். ஆண்டைத் தேடுகிறேன் என்றேன். மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் பாருங்கள் என்றார். குழாயை மாட்டியவர்கள் கடைசி இலக்கத்தை மறைத்துவிட்டிருந்தார்கள்.

முற்றங்களைப் பார்க்க நல்ல நாட்கள் இரண்டு. செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு, நாடு முழுவதும் பழஞ்சின்னங்களைத் திறந்துவைக்கும் நாள். 1993 முதல் நடக்கிறது. இன்னொன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆட்வென்ட் வார இறுதிகள்; குவெட்லின்பூர்க்கில் வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல முற்றங்களை அப்போது திறக்கிறார்கள். கூட்டம் இருக்கும். பரவாயில்லை.

இங்கே கண் பழகிய பிறகு மற்ற ஊர்கள் சுலபமாகத் திறக்கும். கோஸ்லாரில் மரத்தோடு ஹார்ட்ஸ் மலைப் பலகைக்கல் கூரையும் சேரும். செல்லேயில் எழுத்துகள் அதிகம். தெற்கே எஸ்லிங்கனுக்குப் போனால் தூண்கள் தள்ளித்தள்ளி நிற்கும், மூட்டுகள் வேறு மாதிரி. குவெட்லின்பூர்க் இருக்கும் அதே மாநிலத்தில் ஹாலே நகரம் இருக்கிறது. அங்கே அநாதை இல்லமும் பள்ளிகளுமாக எழுந்த ஃப்ராங்கெ நிறுவன வளாகத்தின் ‘நீண்ட வீடு’ 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுந்தது. 100 மீட்டருக்கு மேல் நீளும் அந்தக் கட்டடம் ஐரோப்பாவின் மிகப் பெரிய மரச்சட்டக் குடியிருப்புகளில் ஒன்று. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். அவர் காலத்து மிஷனரிகள் அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகள் அந்த வளாகத்தின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே நிற்கும்போது மற்ற ஊரில் வராத ஒரு நெருக்கம் எனக்கு வந்தது.

கடைசியாக ஒரு பயிற்சி

மாலையில் கால் வலிக்கும்போது, தரைத்தளத்தில் காபிக்கடை உள்ள ஒரு பழைய வீட்டுக்குள் போய் உட்காருங்கள். காபி வரும்வரை தலைக்கு மேலே ஓடும் விட்டங்களை எண்ணுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, எதிர்ப்பக்கம் போய் நின்று, முதல் மாடிக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் நுனிகளை எண்ணுங்கள். பிற்காலத்தில் யாரும் கைவைக்காத வீடாக இருந்தால் இரண்டு எண்ணும் பொருந்தும். நீங்கள் காபி குடித்தபோது தலைக்கு மேலே இருந்த அதே மரங்கள்தான் அவை. பொருந்தாவிட்டால் மறுபடி உள்ளே போங்கள். எந்தச் சுவர் பின்னால் வந்தது என்று தேட இன்னும் ஒரு காபி குடிக்கலாம்.